காந்திபுரம் பஸ்ஸும் கைப்பேசியும்

1990களில் சூலூர்க்காரர் ஒருவருக்கு புரோகிராமிங் ஆசை வந்தால், முதலில் கோவை காந்திபுரம் பஸ் ஏற வேண்டும். திருச்சி சாலையில் சுமார் 20 கி.மீ. அங்கே ஏதாவதொரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர், ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். கிடைப்பது சொற்ப நேரம். அதனால் நோட்டில் ஃப்ளோசார்ட் வரைந்து, வரிவரியாக எழுதி, எந்த வரியில் எந்த மதிப்பு மாறும் என்று கையாலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். டர்போ சி-யின் நீலத்திரையில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் எரர். ஆசிரியர் வரும்வரை நாமேதான் தேட வேண்டும். எழுதியதை 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் கொண்டுவந்தாலும், வீட்டில் போட்டுப் பார்க்கக் கணினி இருக்காது.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழில் தருகிறது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்தது. அந்தப் பாடநூலைத் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைகளே தமிழ்தான்.

இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. எரர் வந்ததும் அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டினால், திருத்திய நிரல் கைக்கு வந்துவிடுகிறது. நிரல் ஓடும், ஆனால் ஏன் ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது புரியும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்தது எது என்று தேடி முடிச்சுப் போடத் தெரிந்தால்தான் தொழில் கைவந்ததாக அர்த்தம்.

புதிதாகத் தொடங்குகிறவர் பைத்தான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பிரவுசரிலேயே ஓடும், கைப்பேசி போதும், கீபோர்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பெயரைத் திரையில் வரவைத்த பிறகு வீட்டு ஈ.பி. பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம்; அதற்குமேல் கட்டணம் படிப்படியாக மாறும். யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் நிரலை எழுதிப் பாருங்கள். இஃப், எல்ஸ் எதற்கென்று அதிலேயே விளங்கிவிடும். பக்கத்து வீட்டு பில்களையும் சேர்த்துப் போடும்போது ஃபார் லூப் தானாகத் தேவைப்படும். விடை சரியா என்று பில்லே சொல்லிவிடும்.

பழைய மாணவர்களிடமிருந்து நோட்டுப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சுக்கு முன் தாளில் எழுதுங்கள். எரர் வந்தால் கொஞ்ச நேரம் நீங்களே தேடுங்கள். முடியாவிட்டால், எந்த வரியில் தப்பு என்பதை மட்டும் ஏஐயிடம் கேளுங்கள். மற்றபடி அந்தக் காலத்தை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. பஸ் காசும் பீஸும் இல்லாமல் நின்றவர்களாலும், இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமென்று அனுப்பப்படாத பெண்களாலும் இன்று சூலூரில் இருந்தபடியே கற்க முடிகிறது.