‘புதாத்துல தண்ணி வந்தாச்சா?’

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜோடி ஒன்று தன் திருமண வரவேற்பைக் கம்ப்யூட்டருக்குள் நடத்தியது. விருந்தினர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே பொம்மை உருவங்களாக ஒரு மந்திரக் கோட்டைக்குள் நுழைந்து வாழ்த்தினார்கள். மணப்பெண்ணின் மறைந்த தந்தையும் ஓர் உருவமாக வந்து நின்றார். மெய்நிகர் உலகம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பந்தியில் உட்காராத கல்யாணம் என்ன கல்யாணம் என்று தஞ்சாவூர் பக்கம் கேட்டவர்களும் உண்டு.

ஆனால் அதே தஞ்சாவூர் பக்கம், கோட்டையும் பொம்மையும் இல்லாமலேயே, பாதி வாழ்க்கை போனுக்குள் குடியேறி வெகுநாளாகிறது.

மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி தவறியது. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாள் நிச்சயமில்லாத இடத்தில் செய்திதான் முதல் தேவை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அங்கிருந்து கிளை வாய்க்கால்களில் நுழைந்து கடைமடைக்குப் போய்ச் சேரச் சில வாரங்கள்கூட ஆகும். ஊரார் ‘புதாறு’ என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் 1934இல் வெட்டி முடித்தது. அதன் வால் பேராவூரணிப் பக்கம். அந்த வாலில் இருப்பவர் முன்பெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகு மதகாகப் போய்ப் பார்ப்பார், இல்லையென்றால் மதகைத் திறந்து மூடும் லஸ்கரைத் தேடிப் பிடிப்பார். இப்போது விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: “புதாத்துல தண்ணி வந்தாச்சா?” மேலே இருக்கும் யாரோ ஒருவர், நுரையும் செத்தையுமாக முதல் தண்ணீர் ஷட்டரைத் தாண்டும் பத்து வினாடி வீடியோவைப் போடுகிறார். அவ்வளவுதான், கீழே சேத்துழவுக்கு டிராக்டர் சொல்லிவிடலாம்.

பயிர் வைத்தியமும் அங்கேதான். இலையைப் படம் பிடித்துப் போட்டால் குலைநோயா, இலைச்சுருட்டுப் புழுவா என்று நான்கு பேர் நான்கு பதில் தருவார்கள். அந்த நால்வரில் ஒருவர் மருந்துக்கடைக்காரராக இருப்பதையும், அவர் சொல்லும் மருந்து அவர் கடையிலேயே கிடைப்பதையும் குழுவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாரம்பரிய விதைகளின் கதை இன்னும் சுவையானது. 2006 முதல் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நடந்துவரும் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பூங்காரும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அப்படித்தான் கைமாறிப் பரவின. அந்தக் கைமாற்றத்தில் ஒரு பங்கு இப்போது திரையில் நடக்கிறது. யாரிடம் கருப்புக் கவுனி இருக்கிறது என்று கேட்க அடுத்த திருவிழா வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குழுக்களில் வளர்ந்த இந்த உறவுகளுக்கு உண்மையான சோதனை 2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மின்சாரம் போய், செல்போன் கோபுரங்களும் அடங்கின. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். ஊருக்குள் இருட்டாக இருந்தபோது ஊருக்கு வெளியே குழுக்கள் விழித்திருந்தன. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த டெல்டாப் பிள்ளைகள் எந்தக் கிராமத்துக்குத் தார்ப்பாய், எங்கே மெழுகுவர்த்தி என்று பட்டியல் போட்டார்கள். ஆனாலும் சாலையோர ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வண்டி வந்தது, உள்ளே தள்ளியிருந்த தெருக்கள் காத்துக் கிடந்தன. மறு ஆண்டு பேராவூரணி இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் பணமும் ஆளும் திரட்டி, 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். போனில் கூடியவர்கள் மண்வெட்டிக்கும் வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் சரி. இந்தக் குழுக்களில் யார் இல்லை?

நடவுப் பெண்கள் பெரும்பாலும் இல்லை. குழு என்பது நிலம் உள்ளவர்களின் கூட்டம். சிட்டா அடங்கல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று பேச்செல்லாம் அவர்களுடையது. பட்டணத்தில் இருந்துகொண்டு ஊரில் ஐந்து மா நிலம் வைத்திருப்பவருக்குக்கூட அங்கே இடம் உண்டு. அந்த ஐந்து மாவிலும் குனிந்து நாற்று ஊன்றுகிறவருக்கு இல்லை. அவர்களுக்கு வேலைச் செய்தி பழைய வழியில்தான் வருகிறது. ஆள் சேர்க்கும் ஒரு பெண்ணுக்குப் போன் வரும், அவர் தெருவில் நின்று குரல் கொடுப்பார். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் இந்திய அளவில் ஆண்களில் 57.1 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம். பேரன் ஸ்மார்ட்போன் வைத்திருப்பான். ஆனால் பாட்டி வயலில் இருக்கும் நேரத்தில் அவன் கல்லூரியில் இருப்பான்.

போன் மலிந்துவிட்டது, நாளடைவில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

குழுக்களுக்கு முன் ஊர் கூடிப் பேசிய பழைய திண்ணையிலும் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண் இது. 1940களில் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். கொடிக்கம்பத்தடி அவர்கள் கூடும் இடமாயிற்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, அப்படிக் கூடிக் கூலி கேட்டதன் தொடர்ச்சிதான். கூடுகிற இடம் யாருடையது என்பது இங்கே ஒருபோதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை.

ஐப்பசியில் சம்பா நடவு முடிந்தும் முடியாமலும் இருக்கும்போது வானம் கறுக்கும். இடி மின்னலை முன்கூட்டிச் சொல்ல ‘தாமினி’ என்று அரசின் செயலியே இருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் யாராவது அதைக் குழுவில் போடுவார், கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழும். அவற்றைப் போடுகிறவர்கள் அநேகமாகக் கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். மரமில்லாத வெட்டவெளியில், முழங்கால் சேற்றில் வரிசை கட்டி நிற்கிற பெண்களின் பட்டன் போன் வரப்பில், சாப்பாட்டுப் பைக்குள், தூக்குவாளிக்கு அடியில் கிடக்கிறது.