கூவாகத்துத் தாலியும் சட்டத்தின் தாலியும்

சித்திரை விழா நெருங்கிவிட்டால் விழுப்புரத்து லாட்ஜுகளில் அறை கிடைப்பது அரிது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பேருந்திலும் வெளிமாநிலங்களிலிருந்து ரயிலிலும் திருநங்கைகள் வந்து இறங்குவார்கள். அழகிப் போட்டிகள் விழுப்புரத்தில், வழிபாடு கூவாகத்தில். உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த அந்தக் கிராமம், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது.

செய்தித்தாள்களில் போட்டிப் படங்களே பெரிதாக வருகின்றன. பார்க்க வேண்டியது தாலியை.

சாகை வார்த்தலோடு தொடங்கும் விழா 18 நாள். பாரதப் போரின் நாள் கணக்கும் அதுவே. களப்பலியாகப் போகும் அரவானுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததால், கண்ணனே மோகினியாகி ஓர் இரவு மனைவியானான் என்பது கதை. அதனால்தான் அரவானாகிய கூத்தாண்டவர் சன்னிதியில் பூசாரி கையால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் மஞ்சள் கயிறு. விடிய விடியக் கும்மி. மறுநாள் தேரோட்டம் முடிந்து அரவான் பலியானதும் ஒப்பாரி எழுகிறது. கயிற்றை அறுத்து, வளையலை உடைத்து, தலைமுழுகி, வெள்ளைச்சேலை உடுத்துகிறார்கள். பெற்ற வீடு கைவிட்ட துயரமும் அந்த அழுகையில் கலந்திருக்கிறது.

தமிழக அரசு 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஆனாலும் மறுநாள் அறுக்க வேண்டாத தாலிக்குச் சட்டத்தில் இடம் தெளிவாகவில்லை. தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் ஒரு திருநங்கையும் ஓர் ஆணும் கோயிலில் மணம் முடித்தார்கள். பதிவு அலுவலகம் அதைப் பதிய மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். திருமணத்தைப் பதியவும் உத்தரவிட்டார். இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை கூடாது என்றதும் இதே தீர்ப்புதான். அந்த ஆண்டே அரசு அதற்குத் தடை விதித்தது.

என் பார்வையில், எந்த நலத்திட்டத்தையும்விட இந்தத் தீர்ப்பு பெரிது. சலுகை கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும், உரிமை அப்படியல்ல.

ஆனால் 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. திருநங்கை ஆணையும் திருநம்பி பெண்ணையும் மணக்கும் உரிமையை மட்டும் அதே தீர்ப்பு உறுதி செய்தது. ஆகவே திருநங்கை என்ற காரணத்துக்காக எந்தப் பதிவு அலுவலகமாவது உங்கள் திருமணத்தைப் பதிய மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவ்விரு தீர்ப்புகளையும் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.