வரி எண் இல்லாத பிழை

விடைத்தாளில் 'பிழை' என்று எழுதிவிட்டு, எந்த வரியில் என்று காட்டாமல் கொடுத்தால் மாணவன் என்ன செய்வான்? கணினியும் சிலவேளை அப்படித்தான் செய்கிறது.

அல்குர்ஆன் தமிழாக்கமொன்றை மாணவர்களுடன் எக்ஸ்எம்எல் கோப்பாக்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு திறக்கும் டேக், ஒரு மூடும் டேக். சூரா அல்பகராவின் 40ஆம் வசனத்தை மூட ஒருவர் மறந்துவிட்டார். பைதன் பிழை காட்டிய இடமோ 286ஆம் வசனத்துக்கும் அப்பால், சூராவை மூடும் வரி. இடையிலுள்ள வசனங்கள் யாவும் 40க்குள் அடங்கியவை என்றே அது எடுத்துக்கொண்டது. அந்த வரிக்கு முன்னால் ஒரு மூடும் டேக்கைப் போட்டால் கணினி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் 246 வசனங்கள் ஒரே வசனத்துக்குள் புதைந்துவிடும். மார்க்க விடயத்தில் இது சிறு பிழையா?

திறக்கும் டேக்கைப் படிக்கும்போதே அதன் வரி எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். பைதனிலுள்ள எக்ஸ்பாட் அந்த எண்ணைத் தரும். எலிமென்ட்ட்ரீ கட்டித்தரும் மரத்தில் அது தங்காது. மூடும் டேக் பொருந்தாதபோது, கடைசியாகத் திறந்து மூடப்படாததன் எண்ணைப் பார்த்தோம். நேரே 40ஆம் வசனம்!

வரிக்குள் எத்தனையாவது எழுத்து என்ற கணக்கைத் தமிழில் அப்படியே நம்பிவிடாதீர்கள். 'கு' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யுனிகோடில் இரண்டு குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 6 பைட்டுகள்.