80-ஆம் எழுத்தும் கர்சரின் நிலையும்

கணிப்பொறியோடு தொடர்புகொள்வதற்கு ஒரு காலத்தில் திரையும் விசைப்பலகையும் உடைய முனையம் என்னும் சாதனம் உபயோகிக்கப்பட்டது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட விடி100 அவற்றுள் புகழ்பெற்றதாகும். அச்சாதனம் வழக்கொழிந்துவிட்டது, எனினும் அதனைப் போலவே இயங்கும் மென்பொருள்கள் இன்றும் உபயோகத்தில் உள்ளன. அவற்றில் நேரும் பிழையொன்றையும் அதனைக் கண்டறியும் முறையையும் இங்கு காண்போம்.

விடி100 திரையில் 24 வரிகளும், வரிக்கு 80 இடங்களும் உண்டு. ஆகவே மென்பொருள் தன் நினைவகத்தில் 1,920 கட்டங்களை அமைத்து, கட்டத்திற்கு ஓர் எழுத்தாகப் பதிவு செய்கிறது. அடுத்த எழுத்து விழவேண்டிய கட்டத்தைச் சுட்டுவது கர்சர் ஆகும்.

80-ஆம் இடத்தில் எழுத்து விழுந்தவுடன் கர்சர் அடுத்த வரிக்குச் செல்லும் என்று எண்ணுவது இயல்பே. ஆயின் விடி100 அவ்வாறு செய்வதில்லை. தானாக வரி மாற்றும் ஏற்பாடு இயங்கும்போதும் கர்சர் 80-ஆம் இடத்திலேயே நிற்கும். வரி மாற்றம் நிலுவையில் உள்ளது என்னும் குறிப்பு மட்டும் உள்ளே பதிவாகும். மேலும் ஓர் எழுத்து வந்தால்தான் வரி மாறும்.

இதன் பயன் திரையின் கடைசிக் கட்டத்தில் விளங்கும். 24-ஆம் வரியின் 80-ஆம் இடம் நிரம்பிய உடனே வரி மாறுமாயின், திரை முழுவதும் ஒரு வரி மேலேறி, முதல் வரி மறைந்துவிடும். திரையை நிரப்பிய நிரலோ இதனை அறியாது. அதன் கணக்கும் திரையின் தோற்றமும் ஒரு வரி வேறுபடவே, ஒரு வரியைத் திருத்த எண்ணியவர் வேறொரு வரியைத் திருத்த நேரிடும்.

பிழையை அறிய மூன்று சோதனைகள் போதும். முதலாவதாக, வெற்றுத்திரையின் முதல் வரியில் 80 எழுத்துக்களை அனுப்பிக் கர்சரின் இருப்பிடத்தைக் கேட்க வேண்டும். வரி 1, இடம் 80 என்பதே சரியான விடை. வரி 2, இடம் 1 என்று வந்தால் மென்பொருள் அவசரப்பட்டு வரியை மாற்றுகிறது. இரண்டாவதாக, 81-ஆம் எழுத்தை அனுப்பினால் விடை வரி 2, இடம் 2 என மாறவேண்டும். மூன்றாவதாக, மீண்டும் ஒரு வரியை நிரப்பியபின், கர்சரை 5-ஆம் வரியின் 10-ஆம் இடத்திற்கு நகர்த்தி ஓர் எழுத்தை அனுப்ப வேண்டும். அது அங்கே விழாமல் 6-ஆம் வரியின் தொடக்கத்தில் விழுமாயின், நகர்த்தியபோது நிலுவைக் குறிப்பு நீக்கப்படவில்லை என்பது தெளிவாகும்.

எனவே கர்சரின் நிலையை வரி, இடம் என்னும் இரு எண்களால் மட்டும் குறித்தல் போதாது. கண்ணுக்குப் புலப்படாத நிலுவைக் குறிப்பையும் அவற்றோடு சேர்த்துக் காத்தல் இன்றியமையாததாகும்.