முத்துக் கரையில் நோய் ஆராய்ச்சி சாலை
காய்ச்சலின் பெயரைக் கண்டுபிடிக்க சர்க்கார் கொடுக்கும் பணம்

தூத்துக்குடி என்றால் முத்து. முத்து என்றால் தூத்துக்குடி.

இந்தக் கடலில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. நினைத்த நாளில் யாரும் முத்துக் குளிக்க இறங்கிவிட முடியாது. முதலில் சர்க்கார் அதிகாரிகள் கடலுக்குப் போவார்கள். கடலுக்கு அடியில் சிப்பி விளையும் இடத்துக்கு "பார்" என்று பெயர். அந்தப் பாரில் இருந்து கொஞ்சம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து வருவார்கள். அவற்றைத் திறந்து, எத்தனை முத்து இருக்கிறது, என்ன விலை போகும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியாக வந்தால்தான் முத்துக்குளிப்பு. இல்லாவிட்டால் இல்லை.

1961-ம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்று போயிற்று. ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் மாதிரியைப் பார். பிறகு வேலையைத் தொடங்கு!

நோய்க்கும் இதுதான் பாடம்.

எல்லாம் ஒரே காய்ச்சலா?

ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. தலைவலி, உடம்பு வலி. தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள்.

அது என்ன காய்ச்சல்?

டெங்குவாக இருக்கலாம். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் சில நாட்களில் மூன்றும் ஒன்று போலவே தோன்றும். நாடி பிடித்துப் பார்த்து மட்டும் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

டெங்கு, கொசு கடிப்பதால் வருவது. அந்தக் கிருமியைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் காப்பாற்ற வேண்டும். தெரியாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தால் ரத்தம் கசியக்கூடும்.

உண்ணிக் காய்ச்சல், புதர்களில் உள்ள மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. "டாக்சிசைக்ளின்" என்ற மலிவான மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும். தாமதம் செய்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். உயிருக்கே ஆபத்து.

எலிக் காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து வருவது. இதற்கும் மருந்து உண்டு.

ஆகவே காய்ச்சலின் பெயர் தெரிய வேண்டும். சீக்கிரம் தெரிய வேண்டும். அதற்கு ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

மாதிரி போன தூரம்

சாதாரணச் சோதனைகளை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் செய்துவிடலாம். ஆனால் வைரஸ் கிருமியைக் கண்டுபிடிப்பது வேறு காரியம். அதற்குத் தனிக் கருவி வேண்டும். பழகிய கை வேண்டும். கிருமி வெளியே பரவாதபடி கட்டிய அறை வேண்டும்.

சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1899-ம் ஆண்டு ஏற்பட்டது. புனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1952-ம் ஆண்டு ஏற்பட்டது. இரண்டும் பெயர் பெற்றவை. ஆனால் தூத்துக்குடியில் இருந்து சென்னைக்கே ஏறக்குறைய 600 கிலோ மீட்டர்! மாதிரி போய், முடிவு திரும்பி வருவதற்குள் நோய் காத்திருக்குமா?

சர்க்கார் போட்ட திட்டம்

2007-ம் ஆண்டு மத்திய சர்க்கார் சுகாதார ஆராய்ச்சிக்கு என்று தனி இலாகா ஏற்படுத்தியது. 2013-ம் ஆண்டு அந்த இலாகாவின் சில திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது.

ஒன்று, நாடு முழுவதும் 160 வைரஸ் ஆராய்ச்சி சாலைகள் அமைப்பது. இவற்றில் 10 மண்டல அளவில். 30 மாநில அளவில். 120 மருத்துவக் கல்லூரிகளில்.

மற்றொன்று, அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்குவது. பெரிய நகரத்துக் கல்லூரியில் கருவி இருக்கும். மாவட்டத்துக் கல்லூரியில் நோயாளிகள் இருப்பார்கள், கருவி இராது. அந்தக் குறையைப் போக்குவதே நோக்கம்.

இன்னொன்று, கிராமங்களுக்கே ஆராய்ச்சியைக் கொண்டு போவது. திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில் இப்படி ஒரு கிராம ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது இதன் அருமை புரிந்தது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே சோதனை நடந்தது. பிறகு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியிலும் சோதனை தொடங்கியது. இந்தக் கல்லூரி 2000-ம் ஆண்டில்தான் ஏற்பட்டது.

அந்தக் கருவி என்ன செய்கிறது? மூக்கில் இருந்து எடுத்த துளியில் கிருமியின் அடையாளப் பொருள் மிக மிகக் கொஞ்சமாக இருக்கும். அதைக் கருவி ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பல கோடி மடங்கு பெருக்கும். பெருகினால் நோய் உண்டு. பெருகாவிட்டால் அந்தத் துளியில் கிருமி அகப்படவில்லை என்று பொருள். சில மணி நேரத்தில் விடை!

சோதனை வேறு, ஆராய்ச்சி வேறு

ஒருவருக்கு என்ன நோய் என்று பார்ப்பது சோதனை. பலரைப் பார்த்து, எந்த வைத்தியம் நல்லது என்று கண்டுபிடிப்பது ஆராய்ச்சி.

நம் சென்னையே இதற்கு உதாரணம். காச நோய் வந்தால், முன்பெல்லாம் வீட்டை விட்டுப் பல மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பார்கள். சம்பாதிக்கும் ஆள் படுத்தால் குடும்பம் என்ன ஆவது? 1956-ம் ஆண்டு சென்னையில் ஒரு காச நோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கை கொடுத்தன. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து. இன்னொரு பகுதிக்கு வீட்டிலேயே மருந்து.

1959-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம்! வீட்டாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. உலகமே இதை ஏற்றுக்கொண்டது.

இந்தக் கேள்வி சென்னையின் ஏழைக் குடும்பங்களில் பிறந்தது. விடையும் அங்கேயே கிடைத்தது.

நம் கரையின் கேள்விகள்

தூத்துக்குடிக்கும் இந்த அனுபவம் உண்டு. 1973-ம் ஆண்டு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சாமி, இந்தக் கரையில் சிப்பியை வளர்த்து முத்து விளைய வைத்தார். 1981-ம் ஆண்டு சிப்பிக் குஞ்சுகளையே ஆராய்ச்சி சாலையில் பொரிக்க வைத்தார்கள். கடல் பக்கத்தில் இருந்தது. ஆராய்ச்சி சாலையும் பக்கத்தில் இருந்தது. காரியம் நடந்தது.

இப்போது உப்பளத்தைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறார்கள். பக்கத்தில் கழிப்பிடம் இல்லாவிட்டால், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இது சிறுநீரகத்தை என்ன செய்யும்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகம் சரியாக இயங்காததையும் கண்டார்கள்.

நல்ல வேலை. ஆனால் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்தால், அதே ஆட்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். நோய் முற்றும் முன்பே எச்சரிக்கலாம்.

கருவி மட்டும் போதுமா?

போதாது. கட்டடம் கட்ட ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். கருவி வாங்கவும் ஒரு முறை போதும். ஆனால் சோதனைக்கான ரசாயனப் பொருளை மாதந்தோறும் வாங்க வேண்டும். கருவியை இயக்குபவருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்றால், பழகிய ஆள் வேறு ஊருக்குப் போய்விடுவார். கருவி துணி மூடிக் கிடக்கும்.

வலை வாங்கினால் மட்டும் மீன் வருமா? வலை வீசத் தெரிந்த ஆளும் வேண்டும். தினமும் கடலுக்குப் போகவும் வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னால் பயப்படக் கூடாது. அந்த ஒரு துளி உங்கள் குழந்தைக்கும் உதவும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் உதவும்.

முத்துக்காக மாதிரி பார்த்த ஊர் இது. உயிருக்காகவும் பார்க்க வேண்டும் அல்லவா?