மெக்கென்சி முறை

மெக்கென்சி முறை என்பது முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றைப் பெரும்பாலும் உடற்பயிற்சியைக் கொண்டே கையாளும் ஓர் இயன்முறை மருத்துவ முறையாகும். இது நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. எந்தத் திசையில் உடலை அசைக்கும்போது வலி பின்வாங்குகிறது என்பதை முதலில் சோதித்து அறிந்து, அத்திசையிலான அசைவையே நோயாளிக்கு மருந்தாக அளிப்பது இம்முறையின் அடிப்படை ஆகும். நோயாளி தம் வலியைத் தாமே கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், மருத்துவரின் கை இயன்றவரை பின்னரே வரவேண்டும் என்பதும் இதன் கொள்கைகளாகும்.

தோற்றம்

ராபின் மெக்கென்சி 1931 இல் பிறந்தார். 1950களில் வெல்லிங்டன் நகரில் தனி மருத்துவமனை நடத்திவந்தார். அக்காலத்தில் முதுகுவலிக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டவை அமெரிக்க மருத்துவர் பால் வில்லியம்சு 1937 இல் வெளியிட்ட முன்வளைவுப் பயிற்சிகளாகும். முழங்கால்களை மார்புநோக்கி இழுத்தல் அவற்றுள் முதன்மையானது. இடைத்தட்டு பிதுங்கியவர்கள் பின்னோக்கி வளையவே கூடாது என்ற அச்சமும் அப்போது நிலவியது.

1956 இல் நிகழ்ந்த ஒரு தற்செயல் இதை மாற்றியது. மெக்கென்சி தம் நூல்களில் 'திரு. சுமித்து' எனக் குறிப்பிடும் நோயாளி ஒருவருக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை வலி பரவியிருந்தது; மூன்று வாரச் சிகிச்சையிலும் குறையவில்லை. ஒருநாள் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கும்படி கூறிவிட்டு மெக்கென்சி வேறொரு நோயாளியைக் கவனிக்கச் சென்றார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. சொன்னபடியே படுத்தவரின் முதுகு சில நிமிடங்கள் நன்கு பின்னோக்கி வளைந்தே இருந்தது. திரும்பி வந்த மெக்கென்சி திகைத்தார். நோயாளியோ கால்வலி நீங்கிவிட்டதாகவும், பல வாரங்களில் இவ்வளவு நலமாக இருந்ததில்லை என்றும் தெரிவித்தார்.

இதன்பின் மெக்கென்சி தம்மிடம் வந்தோர் அனைவரையும் வெவ்வேறு திசைகளில் அசையச்செய்து விளைவுகளைக் குறித்துவந்தார். பொதுமக்களுக்கான 'உங்கள் முதுகுக்கு நீங்களே சிகிச்சை செய்க' என்னும் பொருள்படும் நூல் 1980 இலும், மருத்துவர்களுக்கான நூல் 1981 இலும் வெளிவந்தன. 1982 இல் பன்னாட்டு மெக்கென்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர் 2013 இல் காலமானார்.

வலி மையமாதல்

இம்முறையின் முதன்மையான கண்டுபிடிப்பு, பயிற்சி அன்று, ஒரு குறி. பாதம், கெண்டைக்கால், தொடை என இறங்கிய வலி ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கீழிருந்து மேலாக ஒடுங்கி, இடுப்பின் நடுப்பகுதியில் மட்டும் நிற்குமாயின் அது 'மையமாதல்' எனப்படுகிறது. அப்போது இடுப்புவலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறியாகவே கொள்ளப்படுகிறது. கால்வலி குறைந்து இடுப்புவலி மிகுவதைக் கண்டு நோயாளிகள் அஞ்சிப் பயிற்சியை நிறுத்திவிடுவது உண்டு என்பதால் இது முன்கூட்டியே அவர்களுக்கு விளக்கப்பட வேண்டும். மாறாக, இடுப்பு இலேசாகி வலி காலில் மேலும் கீழிறங்குமானால் அவ்வசைவு உடனே நிறுத்தப்படவேண்டும்.

வகைப்படுத்தல்

மெக்கென்சி முதுகுவலியை மூன்றாகப் பிரித்தார். நெடுநேரம் கூனி அமர்வதால் மட்டுமே தோன்றி, எழுந்தவுடன் மறையும் வலி ஒன்று. பழைய காயம் ஆறியபின் சுருங்கிப்போன திசுக்களை நீட்டும்போது தோன்றும் வலி மற்றொன்று. இதற்குப் பல வாரங்கள் பயிற்சி தேவைப்படும். மூன்றாவதான உள்ளமைவுப் பிறழ்வே மிகப் பரவலானது. மையமாதல் காணப்படுவதும், சரியான அசைவால் விரைவில் மாற்றம் தெரிவதும் இதில்தான்.

பயிற்சிகள்

இவற்றுள் பெயர்பெற்றது குப்புறப் படுத்துக் கைகளால் மேலுடலை உயர்த்துதல் ஆகும். முதலில் சில நிமிடங்கள் குப்புறப் படுக்கவேண்டும். பின்னர் முழங்கைகளை ஊன்றித் தங்கவேண்டும். அதன்பின் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையில் தொய்ந்திருக்க மேலுடலை மட்டும் உயர்த்தி இறக்கவேண்டும். பொதுவாக ஒரு தடவைக்குப் பத்துமுறை, பகலில் பல தடவைகள் இது செய்யப்படுகிறது. நாளுக்கு ஒருமுறை நெடுநேரம் செய்வதைவிட, சில மணிக்கொருமுறை சிறிதளவு செய்வதே வலியுறுத்தப்படுகிறது. யோகாசனம் பயின்றோருக்கு இது புசங்காசனத்தை நினைவூட்டும். ஆனால் புசங்காசனத்தில் முதுகுத் தசைகள் உடலைத் தூக்குகின்றன; இங்கு கைகள் மட்டுமே தூக்க, முதுகு தளர்ந்திருக்கவேண்டும்.

படுக்க இயலாத இடங்களில், நின்றவாறு இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்துப் பின்னோக்கி வளைதல் மாற்றாகச் செய்யப்படுகிறது. நாற்காலியில் அமர்வோர் இடுப்பின் உள்வளைவைத் தாங்கச் சிறு உருளைத் தலையணை பயன்படுத்துகின்றனர்.

இம்முறையைப் 'பின்வளைவுப் பயிற்சி' என்றே பலரும் கூறுவர். இது தவறு. பெரும்பாலோருக்குப் பின்வளைவு உதவினாலும், சிலருக்குப் பக்கவாட்டு அசைவும் வேறு சிலருக்கு முன்வளைவும் தேவைப்படுகின்றன. முதுமையில் தண்டுவடக் குழல் குறுகியவர்கள் பின்னோக்கி வளையும்போது கால்வலி மிகுவதும், முன்சாயும்போது குறைவதும் வழக்கம்.

அறிவியல் விளக்கம்

முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டின் நடுவில் கூழ்போன்ற பகுதி உள்ளது. முன்குனியும்போது இது பின்னோக்கியும், பின்வளையும்போது முன்னோக்கியும் நகர்வதாகவும், இடம்பெயர்ந்த கூழை எதிர்த்திசை அசைவு திருப்பி அனுப்புவதாகவும் மெக்கென்சி கருதினார். நலமான தட்டுகளில் இத்தகைய நகர்வு காணப்பட்டுள்ளது. தேய்ந்த தட்டுகளில் இது அவ்வளவு சீராக இருப்பதில்லை. எனவே இவ்விளக்கம் ஒரு கருதுகோளாகவே கொள்ளப்படவேண்டும்.

ஆய்வு முடிவுகள்

1995 இல் வெளியான பின்லாந்து ஆய்வில், திடீர் முதுகுவலி வந்தவர்களுள் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கை ஓய்விலும், ஒரு பிரிவினர் பின்வளைவு மற்றும் பக்கவாட்டுப் பயிற்சியிலும் ஈடுபடுத்தப்பட்டனர். மூன்றாம் பிரிவினரோ வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினரே. 1998 இல் அமெரிக்காவில் 321 பேரிடம் நடந்த ஆய்வில், மெக்கென்சி சிகிச்சை பெற்றவர்கள் ஒரு சிறு கையேட்டை மட்டும் பெற்றவர்களைவிடச் சற்றே மேம்பட்டிருந்தனர்; செலவோ ஏறத்தாழ மும்மடங்கு.

2004 இல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. சோதிக்கப்பட்ட 312 பேரில் 230 பேருக்கு வலியைக் குறைக்கும் ஒரு திசை இருந்தது. அவர்களுள் அத்திசையிலேயே பயிற்சி பெற்றவர் எவரும் இரு வாரங்களில் விலகவில்லை. எதிர்த்திசைப் பயிற்சியோ பொதுவான பயிற்சியோ பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குணம் தெரியாமலோ வலி மிகுந்தோ விலகினர். ஆயினும் 2023 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, புதிதாகத் தோன்றிய முதுகுவலிக்கு இம்முறை குறிப்பிடத்தக்க பயன் தருவதாகக் கூறவில்லை. அவ்வகை வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே குறைவது, எந்தச் சிகிச்சையின் தனிப்பயனையும் அளவிடுவதைக் கடினமாக்குகிறது. நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சித் திட்டங்களைப் பரிந்துரைத்த உலக சுகாதார அமைப்பின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இடுப்புப்பட்டைகளையும் முதுகை இழுத்துக்கட்டும் சிகிச்சையையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

பயிற்சி கூடாத நிலைகள்

சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர்க் கட்டுப்பாடின்மை, சிறுநீர் அடைபடுதல், தொடையிடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியன தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கற்றை நசுக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயிற்சியில் நேரத்தைக் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் அறுவைக்குப் பின்னும் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்தபின் வந்த வலி, எந்த நிலையிலும் எந்த அசைவிலும் சிறிதும் மாறாத வலி ஆகியவை இருப்பின் மருத்துவர் ஆராய்ந்த பின்னரே பயிற்சி தொடங்கப்படவேண்டும்.