அன்பளிப்பு என்ற பெயரில் சம்பளம்

சிங்கப்பூரில் ஏறி நான்கு இரவு கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பயணக் கட்டணம், துறைமுக வரி எல்லாம் முன்பே கட்டியாயிற்று. கடைசி நாள் பில்லைப் பார்த்தால் 288 அமெரிக்க டாலர் தனியாக ஏறியிருக்கிறது. ரூபாயில் 24,000-க்கு மேல். பக்கத்தில் ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு சொல். டிப்ஸ்தான். அவர்கள் கையால் கொடுக்காத டிப்ஸ்.

கணக்கு எளிது: தலைக்கு, நாளொன்றுக்கு 18 டாலர். அமெரிக்க நிறுவனங்களின் பெரிய உல்லாசக் கப்பல்களில் சாதாரண அறைக்கு இது ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை இருக்கும். சூட் அறைக்கு இன்னும் கூடுதல். பள்ளிப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே தொகை. கைக்குழந்தைக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன.

முன்பு இப்படி இல்லை. பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். கடைசி இரவு உறையில் பணம் வைத்து அவர் கையிலும், அறையைப் பார்த்துக்கொண்டவர் கையிலும் கொடுப்பார்கள். 2000-இல் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் பரிமாறும்போது உறையை யாரிடம் கொடுப்பது? காலப்போக்கில் உறை போய், தினசரிக் கட்டணம் நிலைத்துவிட்டது.

பானங்களுக்கும் ஸ்பாவுக்கும் கணக்குத் தனி. ஒரு பீரோ காக்டெயிலோ வாங்கினால் விலையோடு 18 அல்லது 20 சதவீதம் சேர்த்தே பில் வரும். அதன் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு காலி வரியும் இருக்கும். முதலில் சேர்த்ததைக் கவனிக்காமல் அதிலும் ஒரு தொகையை எழுதி, ஒரே சேவைக்கு இரண்டு முறை கொடுத்துவிடுகிறோம். அந்த வரியில் கோடு கிழித்துக் கையெழுத்திடுங்கள். அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

தினசரித் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ முடியுமா? பல கப்பல்களில் முடியும். இறங்குவதற்கு முன் பயணிகள் சேவை கவுன்ட்டரில் கேட்க வேண்டும். வேறு சில நிறுவனங்கள் இதைக் கட்டாய சர்வீஸ் சார்ஜாகவே வைத்திருக்கின்றன. அங்கே பேச்சுக்கு இடமில்லை. சேவை மோசமாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், சரிசெய்ய வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் பில்லைப் பார்த்த அதிர்ச்சியில் மொத்தத்தையும் நீக்கச் சொல்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுகின்றன. மயாமியிலிருந்து புறப்பட்டாலும் அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அந்தப் பணியாளர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் காப்பு, 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. நாளுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது அது. அதாவது 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம் முழுக்க வாரத்தின் ஏழு நாளும் உழைக்கும் அறைப் பணியாளரின் வருமானத்தில் பெரும்பங்கு நாம் கட்டும் இந்தத் தொகைதான். நாம் நீக்கினால் அடி விழுவது அவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில். முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தைத் தனியாகப் பிரித்து, டிப்ஸ் என்று பெயரிட்டு, விளம்பர விலையைக் குறைத்துக் காட்டுவதுதான் தவறு. அதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019-இல் தினசரிக் கட்டணத்தை எடுத்தேவிட்டது.

நம் ஊர் உணவகத்தில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது; தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நடுக்கடலில் ஓடும் வெளிநாட்டுக் கப்பலில் இந்த விதியைக் காட்டிப் பயனில்லை. கப்பல் நிறுவனத்தின் மீதே வழக்குப் போடலாம் என்றால், டிக்கெட்டின் பொடி எழுத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதுவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இலேயே கார்னிவல் என்ற கப்பல் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் உங்களுக்கு இங்கே டிக்கெட் விற்ற ஏஜென்ட் நம் சட்டத்துக்கு உட்பட்டவர். ‘எல்லாம் சேர்த்த விலை’ என்று சொல்லி விற்றிருந்தால், அந்த விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணம் கிடையாது. இணையத்தில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும்போது துளித்துளியாக ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: தலைக்கு தினசரி எவ்வளவு, எந்த நாணயத்தில், கட்டாயமா, பானங்களுக்கு எத்தனை சதவீதம். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

கேட்டரிங் படித்துவிட்டு இதே கப்பல்களில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கும் இந்த வழி பொருந்தும். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறை தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், மருத்துவச் சான்றுச் செலவு நம்முடையதாக இருக்கலாம். வேலை வாங்கித் தரப் பணம் கேட்பது சட்டவிரோதம். ஒப்பந்தத்தில் மாத வருமானம் என்று போட்டிருக்கும் தொகையில் நிறுவனம் தருவது எவ்வளவு, பயணிகளின் டிப்ஸில் வருவது எவ்வளவு, டிப்ஸ் குறைந்தால் அந்தத் துண்டை யார் கட்டுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.